நன்றி சொல்லப் பத்துப் பேர்: குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பயணம்

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஊர் சுற்றுவது பள்ளி விடுமுறையில்தான். திருச்சியில் புவியியல் வாத்தியார் வேலை. பள்ளி திறந்த இரண்டாவது வாரமே, 2008 ஜூனில், ஒருநாள் விடுப்பு கேட்டு நின்றேன். "நண்பர் ஒருவர் ஒரு மரத்தடியில் நின்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும், துணைக்குப் போகிறேன்" என்று உண்மையைச் சொன்னால் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட மாட்டார். உறவினர் வீட்டு விசேஷம் என்று எழுதிக் கொடுத்தேன்.

நண்பர் பெயர் பெஞ்சமின். 1990 முதல் 95 வரை திண்டுக்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு பம்ப்செட் கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர். பெயரைக் கேட்டதுமே தெருவில் எல்லோரும் அவரைக் கத்தோலிக்கர் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாங்களும் கத்தோலிக்கக் குடும்பம்தான்; எங்கள் பங்குச்சாமியார் அவரைப் பாடற்குழுவில் சேர்க்க நேரிலேயே வந்தார். அவர் யூதர். கொங்கண் கடற்கரையில் பல தலைமுறையாக வாழ்ந்து, வீட்டில் மராத்தி பேசும் யூதர்களில் ஒருவர். அவர் மனைவி வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுவதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா, "வேதக்காரவுகன்னாலும் வெள்ளிக்கெழமை வெளக்க விடல பாருங்க" என்று மெச்சிக்கொண்டார். ஐந்து வருடம் திண்டுக்கல்லில் இருந்தும் பிரியாணியைத் தொடாத ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அவர்கள் முறைப்படி அறுத்த இறைச்சி இங்கே கிடைக்காது. எனக்கு அது பெரிய துக்கம், அவருக்கு இல்லை.

1993 நவம்பரில் அவருக்கு ஒரு விபத்து நடந்தது. குஜிலியம்பாறைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பம்ப்செட் பார்த்துவிட்டுக் கம்பெனி ஜீப்பில் திரும்பும்போது, ஒரு ஓடையின் தரைப்பாலத்தில் வெள்ளம் ஜீப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெஞ்சமின் ஒரு புங்கமரத்தின் கிளையைப் பிடித்து மூன்று மணி நேரம் தொங்கினார். ஜீப் ஓட்டிய சின்னச்சாமி இறந்துபோனார். நீரோட்டத்தின் விசை பற்றிப் பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கதையை வகுப்பில் சொல்வேன். "டிரைவர் குடித்திருந்தார்" என்ற வரியையும் சேர்த்தே சொல்வேன். அப்படித்தான் எங்கள் தெருவுக்குச் செய்தி வந்தது.

2008 மே மாதம், மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் தாணேயிலிருந்து அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வு பெற்றுவிட்டாராம். "வாத்தியாரே, அந்த மரத்தப் பாக்கணும்" என்றார். யூதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தனக்கு அற்புதம் நடந்த இடத்துக்கு ஒருவர் திரும்பிப் போனால், அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததும் ஒரு வரி சொல்ல வேண்டும்: இந்த இடத்தில் எனக்கு அற்புதம் செய்தவர் போற்றப்படுக. அவ்வளவுதான். "இம்புட்டுக்குத்தான் பதினஞ்சு வருசமா?" என்று கேட்டேன். அவர் ரயில் வந்து சேரும் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முதல் நாள் இரவே திண்டுக்கல்லில் அறை போட்டோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரட்டைக் கட்டில், 350 ரூபாய். கொசு இலவசம். காலை 7.10க்கு எரியோடு, கோவிலூர் வழியாகப் போகும் பேருந்து. குஜிலியம்பாறைக்கு டிக்கெட் 12 ரூபாய். பெஞ்சமின் மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்து காட்டினார்: ஊற வைத்த அவல், துருவிய தேங்காய், சர்க்கரை, ஏலக்காய். அவர்கள் சமூகத்தில் நன்றி செலுத்தும்போது இப்படி அவல் கலந்து, பழங்களோடு தட்டில் வைத்துப் பிரார்த்தித்து எல்லோருக்கும் கொடுப்பார்களாம். பெயர் மலிதா. காலை நாலு மணிக்கு எழுந்து லாட்ஜ் அறையில் தேங்காய் துருவியிருக்கிறார். நான் அந்தச் சத்தத்தை எலி என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

எரியோடு தாண்டியதும் பூமி காயத் தொடங்குகிறது. மழையை நம்பிக் காத்திருக்கும் செம்மண், ஓரத்தில் பனை, நடுநடுவே முருங்கைத் தோட்டம், மிச்சமெல்லாம் வேலிக்கருவேல். இந்தப் பக்கத்தில் வெள்ளத்தில் ஒருவர் இறந்தார் என்றால் வெளியூர்க்காரர் நம்ப மாட்டார். வருடத்தில் பதினொரு மாதம் ஓடைகளில் ஆடுதான் மேயும். மிச்ச ஒரு மாதத்தில் மேட்டில் பெய்கிற மழை மொத்தமாக ஓடைக்கு வந்து சேரும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்தும் விடும். இது என் பாடம், மன்னியுங்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெஞ்சமின் ஒரு பழைய கதை சொன்னார். அடிமைகளாக இருந்த அவருடைய முன்னோர் தப்பிப்பதற்காகக் கடல் பிளந்தது, துரத்தி வந்த படை அதே கடலில் மூழ்கியது என்பது நமக்கும் தெரிந்த கதைதான். எனக்குத் தெரியாத பகுதி இது: வானதூதர்கள் மகிழ்ந்து பாடக் கிளம்பினார்களாம். கடவுள் தடுத்துவிட்டாராம். நான் படைத்தவர்கள் மூழ்கிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குப் பாட்டா என்று. அந்த நாளின் நினைவாக வரும் பண்டிகையில் இன்றும் துதிப்பாடலை முழுவதும் பாடாமல் குறைத்துத்தான் பாடுவார்களாம்.

"அது எதிரிங்க. சின்னச்சாமி என் எதிரி கூட இல்ல" என்றார்.

"அவர் குடிச்சிட்டு ஓட்டினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு எனக்கு. அவர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

8.45க்கு குஜிலியம்பாறை. இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் 26 ரூபாய், சட்னி சுமார். அங்கிருந்து ஓடை பதினொரு கிலோமீட்டர். ஆட்டோ போக, காத்திருக்க, திரும்ப 250 ரூபாய். ஓட்டுநர் செந்திலுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், வாய் ஓயாத ஆள். எங்கே போகணும் என்று கேட்டதற்கு, தரைப்பாலம், ஒரு பெரிய புங்கமரம் என்று பெஞ்சமின் அடையாளம் சொன்னார். "அடடா, கைகொடுத்தம்மனுக்கா? மொதல்லயே சொல்லிருக்கலாம்ல சார்" என்றார் செந்தில். எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

போனதும் புரிந்தது. புங்கமரத்தின் அடியில் மஞ்சள் பூசிய கல், சிவப்புத் துணி, சூலம், கிளை முழுவதும் வேண்டுதல் முடிச்சுகள். ஓடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. செந்தில் ஆட்டோவை நிறுத்திச் சூடம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கதையைச் சொன்னார்.

"பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஜீப்பு அடிச்சிக்கிட்டுப் போச்சு சார். உள்ள ஒரு எஞ்சினியரு. தங்கமான மனுசனாம். அம்மன் கெளைய நீட்டிக் கை கொடுத்துத் தூக்கிட்டா. டிரைவரு குடிகாரன். மப்புல தண்ணிக்குள்ள விட்டுட்டான். அவன எடுத்துக்கிட்டா. அன்னையிலருந்து இந்தப் பாலத்துல ஒரு உசுரு போனதில்ல. போன ஐப்பசியில தொடைத்தண்ணி போச்சு. சூடத்த ஏத்திட்டு மினிபஸ்ஸே எறங்கிருச்சுல்ல! நானும் ரெண்டு தடவ போயிருக்கேன். ஒண்ணும் ஆகல."

பெஞ்சமின் தரைப்பாலத்தின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயிலுக்குத்தான் மயக்கம் என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அதை வாங்காமல் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அன்று வெள்ளிக்கிழமையாம். மாலை மணி நாலு. சூரியன் மறைவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தால்தான் ஓய்வுநாள் விளக்கு ஏற்றும்போது உடன் இருக்க முடியும். ஓடையில் கலங்கல் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. சின்னச்சாமி ஜீப்பை நிறுத்திவிட்டார். வேண்டாம் என்றார். இவர்தான், கடவுள் காரியத்துக்காகப் போகிறோம், அவர் பார்த்துக்கொள்வார், இறக்கு என்றாராம். சின்னச்சாமி மறுபடியும் வேண்டாம் என்றார். இவர் அதிகாரி. ஜீப் இறங்கியது. பாதிப் பாலம் தாண்டுவதற்குள் வெள்ளம் மளமளவென்று ஏறிவிட்டதாம்.

"எங்க ஆசிரியருங்க சொல்லி வச்சது வாத்தியாரே, ஆபத்தான எடத்துல போய் நின்னுக்கிட்டு அற்புதம் நடக்கும்னு நெனைக்கக் கூடாது. ஒருவேளை நடக்காது. நடந்தா, அது அவன் சேத்து வச்ச புண்ணியத்துல கொறையும். உயிருக்கு ஆபத்துன்னா ஓய்வுநாளையே மீறணும். மீறலாம்னு இல்ல, மீறணும். இதெல்லாம் எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்." கம்பெனி விசாரணையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்களாம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கவனக்குறைவு என்பது ஊர் வாயில் குடியாக மாறியிருக்கிறது. என் வாயிலும்தான். பதினைந்து வருடமாக எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"சின்னச்சாமி வீடு தெரியுமா?" என்று செந்திலிடம் கேட்டார் பெஞ்சமின்.

"அவரு சம்சாரம் இங்கதான் சார் நிக்கிது. நூறு நாள் வேலை நடக்குதுல்ல, அந்தா" என்று ஓடைக்குள் கையைக் காட்டினார் செந்தில்.

ஓடையில் முப்பது பெண்கள் மண் வெட்டிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணிக்குக் கஞ்சி நேரம். தூக்குச்சட்டிகளோடு எல்லோரும் புங்கமர நிழலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. அறுபது எழுபது அடி தள்ளி, வேலிக்கருவேலின் அரைகுறை நிழலில் தனியாக உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். அவர்தான் பாப்பாத்தி, சின்னச்சாமியின் மனைவி. நாற்பத்தைந்து வயதிருக்கும். இந்த ஓடையில் அது ஒன்றுதான் நல்ல மரம். வெயிலோ நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது.

பெஞ்சமின் போய் அவர் முன்னால் நின்றார். நான் இரண்டடி பின்னால்.

"அம்மா, அன்னைக்கு ஜீப்புல இருந்தது நான்தான்."

பாப்பாத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தூக்கை மூடினார். "தெரியுது சார். ஆசுபத்திரிக்கு வந்தேன். ஒங்க கம்பெனி ஆளுக உள்ள விடல. கதவு வழியாப் பாத்தேன்."

"எதுக்கு வந்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான். கடேசியா அவரு என்ன சொன்னாருன்னு."

பெஞ்சமின் அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "'வேணாம் சார், செத்த நேரம் நின்னா வடிஞ்சிரும்'னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நான்தான் கேக்கல. அவரு குடிக்கவும் இல்ல. அவரு மேல தப்புன்னு எழுதிக் கொண்டாந்தாங்க, நான் கையெழுத்துப் போட்டேன். என்னைய மன்னிக்கணும்னு கேக்க வந்தேன்."

கையெடுத்துக் கும்பிட்டார். தான் ஒருவருக்குச் செய்த கெடுதலைக் கடவுளிடம் போய் மன்னிக்கச் சொல்ல முடியாது, அந்த ஆளிடமேதான் போக வேண்டும் என்பது அவர்கள் நெறி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுச் சாமியாரிடம் சொல்லிவிட்டு எழுந்து வரும் எனக்கு, அங்கே நிற்பதே கஷ்டமாக இருந்தது.

பாப்பாத்தி கஞ்சித்தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "அவரு குடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா சார்? பதினோரு வருசம் குடித்தனம் பண்ணுனவ நான்" என்றார். "தெரியாதது இவுகளுக்குத்தான். நல்லவன அம்மன் தூக்கிட்டா, கெட்டவனத் தண்ணில விட்டுட்டான்னு என் காதுபடவே சூடம் கொளுத்துறாக. எங்கிட்ட மெதுவாச் சொல்லிட்டுப் போனா ஆச்சா? அங்க போயிச் சொல்லுங்க."

பெஞ்சமின் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏன் பார்த்தார் என்று பின்னால்தான் விளக்கினார். மரணத்திலிருந்து தப்பியவர், வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் முன்னால் எழுந்து நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர்களின் இன்னொரு வழக்கம். தனியாகச் சொன்னால் செல்லாது. 1994இல் மும்பையில் அவர்களுடைய தொழுகைக் கூடத்தில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் வாழ்த்தினார்களாம். பாதிக் கதையைத்தான் சொன்னேன், பாதி நன்றிதான் ஆயிற்று என்றார். இந்தப் பெண்கள் அவர்களுடைய சட்டப்படி பத்தில் சேர மாட்டார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் பொய் குடியிருந்தது இவர்களிடம்தானே.

மரத்தடிக்குப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் எவ்வளவு இருந்தது, மணி என்ன, சின்னச்சாமி என்ன சொன்னார், தான் என்ன சொன்னேன். சர்வீஸ் ரிப்போர்ட் வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னார். ஐந்து நிமிடம் இருக்கும். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

வெற்றிலை போட்டிருந்த ஒரு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எங்க அம்மன் பொய்யிங்கிறீகளா?"

"மரம் என்னையத் தாங்குனது நெசம்மா. அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனா தண்ணில எறங்கச் சொன்னது அம்மன் இல்ல, நான். நான் நல்லவன்னு தூக்கல. அவரு கெட்டவருன்னு விடல. எதுக்கு நான் மட்டும் பொழச்சேன்னு எனக்குத் தெரியாது. பதினஞ்சு வருசமா யோசிக்கிறேன், தெரியல. ஒண்ணு மட்டும் தெரியும். சூடம் ஏத்திட்டுத் தண்ணில எறங்காதீங்க. நான் சாமி பேரச் சொல்லித்தான் எறங்குனேன்."

செந்தில் எரிந்து முடிந்த சூடத்தின் கரியைக் கால் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது வேலிக்கருவேலின் அடியிலிருந்து பாப்பாத்தி எழுந்தார். தூக்கை எடுத்துக்கொண்டு நேராக நடந்து வந்து புங்கமர நிழலுக்குள் நின்றார். கோபப்பட்ட அதே அம்மா நகர்ந்து இடம் விட்டு, "இங்கிட்டு உக்காரு மதினி" என்றார். பாப்பாத்தி உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெயிலைச் சாக்காகச் சொல்லப் போவதில்லை.

கிளம்பும்போது பாப்பாத்தி கேட்டார், "அந்த டப்பாவுல என்ன சார்?" பெஞ்சமின் விளக்கினார். அவல், நன்றி, அந்த ஒரு வரி. "அப்பச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?" என்றார் அவர்.

"வாய் வரலம்மா."

"மன்னிக்கிறதெல்லாம் எனக்கு இப்பத் தெரியல சார். ஐப்பசி வரட்டும். ஓடையில தண்ணி வரும். அப்பவும் இதுக எறங்குச்சுகன்னா நீங்க சொன்னது காத்தோட போச்சுன்னு அர்த்தம். எறங்கலன்னா நான் சொல்லி அனுப்புறேன். ஒங்க போன் நம்பரக் குடுங்க."

வெளியூர் அழைப்புக்குக் காசு அதிகம் என்று என் எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். டப்பா திறக்கப்படாமலே திரும்பியது. பிற்பகல் 1.20 பேருந்தில் எனக்கு அகோரப் பசி. ஏலக்காய் வாசனை வேறு. கேட்கவில்லை. கோவிலூர் தாண்டும்போது வேறொன்றுதான் கேட்டேன்: உங்கள் முன்னோர் கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், இருந்தும் சில மாதத்திலேயே பொன்னில் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டார்களே, அது எப்படி? பெஞ்சமின் அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். "அற்புதம் ஒரு ஆளத் தூக்கிக் கரையிலதான் போடும் வாத்தியாரே. நடக்குறது அவன் வேலை. நான் பதினஞ்சு வருசம் கரையிலயே உக்காந்திருந்தேன்." யூத நெறியில் மனிதனின் வளர்ச்சி என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்களாம். எனக்கு இந்த மூன்று வரி போதும் என்று தோன்றியது. அவல் டப்பாவைத் திண்டுக்கல் ரயில் நிலையத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். எனக்குக் கொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்டில் அவர் சொன்னபடி திண்டுக்கல்லில் ஒரு கல்தூண் செய்யக் கொடுத்தேன். ஆறடி உயரம், இரண்டடி மண்ணுக்குள். ஊராட்சியில் எழுதிக் கேட்டு, மினி லாரியில் கொண்டுபோய்த் தரைப்பாலத்தின் ஓரத்தில் நட்டோம். அந்த மாதம் அவரால் வர முடியவில்லை. பாலத்துக்கு மேல் சரியாக ஒரு அடி உயரத்தில் சிவப்புக் கோடு. அளவு பம்ப்செட் எஞ்சினியர் கணக்குப் போட்டது, நான் சரிபார்த்தேன். அதற்கு மேலே செதுக்கிய வாசகம் பாப்பாத்தி சொன்னது: "சின்னச்சாமி வண்டியை நிறுத்திய அளவு." அந்த அம்மா, மதினி என்று கூப்பிட்டவர், கோட்டுக்குக் கொஞ்சம் மஞ்சளும் பூசிவிட்டார். தடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் மூன்றாவது வாரம், பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. வகுப்பில் எடுக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்தேன். மறுபக்கம் மழைச்சத்தத்துக்கு நடுவே பாப்பாத்தி. கத்தித்தான் பேசினார்.

"சார், சின்னச்சாமி கோடு முங்கிருச்சு! இந்தப் பக்கம் மினிபஸ்ஸு, ரெண்டு டெம்போ, செந்திலு ஆட்டோ. அந்தப் பக்கம் ஒரு பால் வண்டி. எல்லாம் நிக்கிது சார். சூடத்த ஏத்திட்டு நிக்கிதுக. ஒருத்தரும் எறங்கல."

அப்படியே தாணேக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். பெஞ்சமின் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டார். மினிபஸ்ஸையும் சேர்த்தால் அறுபது பேராவது இருக்கும் என்றேன். அரை நிமிடம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவர்களுக்கு ஜீப் கதையை முதல் தடவையாகச் சரியாகச் சொன்னேன்.

டிசம்பர் முதல் வாரம் மறுபடியும் அதே பேருந்து, அதே 12 ரூபாய், அதே சுமாரான சட்னி. இந்த முறை இரண்டு டப்பா. ஓடையில் கணுக்கால் தண்ணீர் தெளிவாக ஓடியது. மரத்தடியில் பாப்பாத்தி, மதினியம்மா, செந்தில், இன்னும் சிலர். பெஞ்சமின் எண்ணிப் பார்த்தார். என்னையும் சேர்த்து ஒன்பது, பத்துக்கு ஒன்று குறைவு என்றார். ஆள் கூப்பிடலாமா என்று செந்தில் கேட்டார். அதற்குள் பாப்பாத்தி கல்தூணைக் காட்டினார்.

"அவரையும் சேத்துக்கங்க சார். அவருதான நிறுத்துனாரு."

பெஞ்சமின் தலையில் சின்னக் குல்லாவை வைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்து அந்த வரியைச் சொன்னார். என் கைக்கடிகாரப்படி எட்டு நொடி. அவலை எல்லோரும் சாப்பிட்டோம். சர்க்கரை கொஞ்சம் கூடுதல். மன்னித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை, பாப்பாத்தியும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திண்டுக்கல்லிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடியுங்கள், ஒன்பதுக்கு மேல் வெயில் தாங்காது. குடிதண்ணீர் கையில் வேண்டும். சில்லறையும் வேண்டும், நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநரிடம் திட்டு வாங்குவீர்கள். ஐப்பசி கார்த்திகையில் போனால் சிறு கிராமச் சாலைகளில் திட்டமிட்டதைவிட மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடை வடியக் காத்திருக்கும் நேரம் அது, வீண் இல்லை.

வழக்கமாக இடத்தின் பெயர், திரும்ப வேண்டிய முக்கு எல்லாம் எழுதுவேன். இந்தத் தடவை அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. மரத்தைப் பார்க்க என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. கல்லைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், கலங்கல் தண்ணீர் ஓடும் எந்தத் தரைப்பாலத்துக்கு முன்னாலும் வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கல் அங்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.